வேண்டுதல் இல்லாத நடை

இந்த ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "எங்கே போகிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். "பெர்கி மானா?" என்பது மலாய்க்காரர்களுக்கு நம்முடைய வணக்கம் மாதிரி. நம் பக்கத்தில் வாசற்படி இறங்குகிறவளை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்போம். 1954-இல் கப்பல் இறங்கிய புதிதில், தெருவில் கூடையோடு வரும் மலாய்க்காரி ஒருத்தி என்னை அப்படிக் கேட்டதும், சகுனம் கெட்டதென்று மாடியேறி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறேன். அவள் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்பது புரிய ஒரு வருஷம் ஆயிற்று. நம்மவர்கள் கேட்கும் "தூரமா?" அப்படியில்லை. எங்கே, எதற்கு, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. சொல்லாமல் நகர முடியாது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைக்கு மேலே, பலகை வைத்துத் தடுத்த ஆறு அறைகளில் ஒன்று எங்களுடையது. ஆறு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி, ஒரே படிக்கட்டு. என் கணவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கிராணி; அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்குவார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நம் மார்கழியின் பனி இங்கே கிடையாது. டிசம்பர் பிறந்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மூங்கில் கழியில் மாட்டிய துணி நாலு நாளானாலும் காயாது. தலையணைகூட ஈர வாடை அடிக்கும். ஆனால் உடம்பை எரிக்கும் வெக்கை மட்டும் போய்விடும். இந்த ஊரின் குளிர்காலம் அவ்வளவுதான். வந்த மூன்றாம் வருஷம், ஐந்து நாள் விடாத மழை ஒரு ஞாயிறு மத்தியானம் விட்டது. ஈரத்துணிக்கும் பலகைக்கும் நடுவே எனக்கு மூச்சு முட்டியது. குடையை எடுத்தேன், பஸ் ஏறினேன், புக்கிட் தீமா காட்டோரம் இறங்கினேன். ஒரு கல்யாணத்துக்குப் போகையில் ஜன்னல் வழியே பார்த்துவைத்த இடம்.

அன்று நடந்த நடையை இன்னும் என் கால்கள் மறக்கவில்லை. மழை விட்டும் மரங்கள் விடவில்லை. இலைக்கு இலை சொட்டிக்கொண்டிருந்தது. மலை உச்சியில் வெள்ளையாக மேகம் உட்கார்ந்திருந்தது. தோளைச் சேலையால் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு நிஜமான குளிர். ஒரு குரங்குக் குடும்பம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. யாரும் "தூரமா?" என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் போனேன். சாம்பல் நிறக் கடல், தூற்றல், காற்று. கடலுக்குள் வரிசையாக நட்ட மீன்பிடிக் கழிகள். அங்கிருந்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், கால் நட்டு உயர்த்திய குடிசையின் கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண் வழக்கம்போல "பெர்கி மானா?" என்றாள். எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் எதையும் சொல்லத் தெரியாமல் கையால் கடலைக் காட்டினேன். மீன் வேண்டுமாக்கும் என்று நினைத்து இரண்டு மீனைத் தூக்கிக் காட்டினாள். நான் தலையாட்டி மறுத்து, விரல்களால் நடந்து காட்டினேன். "ஓ, மாக்கான் ஆங்கின்!" என்று சிரித்தாள். காற்றைச் சாப்பிடுவதாம். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

நான் பிறந்தது தூத்துக்குடியில். மொட்டை மாடியில் நின்றால் கப்பல் தெரியும். என் அண்ணன்மார் இருவரும் சாயந்தரமானால் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவார்கள். எனக்கும் சேர்த்து வாங்கி வருவார்கள் என்று வீட்டில் நினைப்பு போலிருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் நான் அந்தக் கடலின் பக்கத்தில் போனது மூன்று தடவை. அதில் ஒன்று அப்பாவின் காரியத்துக்கு. ஊரை நினைத்து உருகி எழுதச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அந்த மாடிப்படியை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது ஞாயிறு குடையோடு படியில் இறங்கினேன். அடுத்த அறை செல்லம்மாள் அக்கா வழியை மறித்தார். நாகப்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எங்கள் மாடிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். கையில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு மஞ்சள் துணி.

"ஏன் ராஜம், எங்கிட்டகூடச் சொல்லக்கூடாதா? உன் வீட்டுக்காரத் தம்பி சொல்லித்தான் தெரியுது. அஞ்சு ஞாயித்துக்கிழமை வேண்டுதலாமே, குழந்தைக்கு?"

பழத்தை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் திணித்தார்.

"எந்தச் சாமின்னு கேக்க மாட்டேன். சொன்னாப் பலிக்காதாம்லா. ஆனா இப்படிச் செருப்பு போட்டுக்கிட்டா போறது? கழட்டும்மா மொதல்ல."

அறைக்குத் திரும்பி, தூங்குகிற மனிதரை எழுப்பினேன்.

"உங்களை யாரு கேட்டா? எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நீ தனியா கடற்கரையில நின்னதை எங்க கிடங்கு ஆள் பாத்துட்டு வந்து நாலு பேர் முன்னாடி கேக்கிறான். வேற என்ன சொல்லச் சொல்றே? சும்மா நடக்கிறாள்னா? நம்புவாங்களா?"

"நீங்க நம்புறீங்களா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்றும் அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வெறுங்காலோடு நடந்தேன். காட்டில் அட்டை கடித்தது, கடற்கரையில் சிப்பி குத்தியது. பொய்யைச் சுமந்ததும் எல்லாக் கதவும் திறந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டையா எழுந்து இடம் கொடுத்தார். படியில் யாரும் மறிக்கவில்லை. காலாற நடக்க வந்தவளை மதிக்காதவர்கள், பிள்ளைக்காகக் கால் நோக நடக்கிறவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். திருமணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லாதது எனக்குக் குறையா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் நடையைத் திருடி என் வயிற்றில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது ஞாயிறு, வேண்டுதலை முடித்துவைக்க மாடிப் பெண்கள் ஐந்து பேரும் பானை, அரிசி, வெல்லத்தோடு கிளம்பிவிட்டார்கள். வேண்டாமென்றால் கேட்டால்தானே? பாசிர் பாஞ்சாங்கில் இறங்கியபோது சாரல் அடித்தது. அவர்களில் மூன்று பேர் இங்கே வந்த பிறகு கடலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. செல்லம்மாள் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் கத்தினார். அடுப்பு மூட்ட வேண்டுமென்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. ஒரு மணி நேரம் கரையோரமாக நடந்தோம். அதோடு விட்டிருக்கலாம். ஒருத்தி என் பக்கத்தில் வந்து, என் வயிற்றில் கையை வைத்து, "அடுத்த மார்கழிக்குள்ள நெறைஞ்சிரும் பாரு. அம்மன் எங்க இருக்கா, காட்டு" என்றாள்.

கையைத் தட்டிவிட்டேன். "அம்மனும் இல்லை, வேண்டுதலும் இல்லை. நான் சும்மாதான் நடக்க வந்தேன். மழை, குளிர், கடல், அவ்வளவுதான். உங்க தம்பி பொய் சொன்னாரு" என்று காற்றுக்கு மேலே கத்தினேன்.

நனைந்த அரிசியோடு திரும்பினோம். வீட்டில் அவர் ஒரு மாதம் பேசவில்லை. அடுப்படியில் என் முறை வரும்போது எல்லோருக்கும் வேறு வேலை வந்தது. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் செல்லம்மாள் அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் ராஜம். வருஷா வருஷம் நாங்களும் வந்திருப்போம்ல."

அந்த வார்த்தை ஐந்து வருஷமாக என்னைக் குடைகிறது. வேண்டுதல் பொய்யென்பது அக்காவுக்கு எப்போதிருந்து தெரியும்? நான் உண்மையைச் சொல்லி என் செருப்பை மீட்டுக்கொண்டேன். அவர்கள் கடலை இழந்தார்கள். அதற்காக நான் பொய்யாகவே நடந்திருக்க வேண்டுமா? கணவர்மேல் கோபம், என்மேல் கோபம், ஒரு பெண் சும்மா நடப்பதை நம்பத் தெரியாத என் சனத்தின்மேல் அதைவிடக் கோபம். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரும் செருப்பு போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, தனியாகப் போகிறேன்.

போன ஞாயிறு பஸ் நிற்குமிடத்தில் செல்லம்மாள் அக்கா நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். கையில் எலுமிச்சம்பழம்.

"தூரமா?" என்றேன், வேண்டுமென்றே.

"உங்கூடத்தான். வீட்ல வேண்டுதல்னு சொல்லிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"முட்டிவலிக்கு."

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முட்டிவலிக்காரி மூன்று மைல் நடக்க வேண்டிக்கொண்டாளாம். அதையும் நம்பி அனுப்பியிருக்கிறார்கள். கடற்கரையில் சாரலும் காற்றும் அப்படியே இருந்தன. கொஞ்ச தூரத்திலேயே அவர் காலில் சிப்பி குத்தி ரத்தம் வந்தது. என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். "ஊருக்குள்ள போறப்ப தந்துடறேன்" என்று மாட்டிக்கொண்டு, சின்னப் பெண்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

குடிசையின் கீழிருந்த மலாய்ப் பெண் இப்போது நன்றாக நரைத்துவிட்டாள். அவரைப் பார்த்துக் கையசைத்து, "பெர்கி மானா?" என்றாள்.

பதிலே வேண்டாத அந்தக் கேள்விக்கு, செல்லம்மாள் அக்கா திருட்டுத்தனம் பிடிபட்டவர்போல நின்று, எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டி, "கோயில், கோயில்" என்றார்.

அந்தச் சொல் மலாயிலும் ஏறக்குறைய அதேதான். அவள் வெறும் மணலையும் கடலையும் பார்த்தாள். பிறகு இத்தனை வருஷமாகத் தெரிந்த என்னைப் பார்த்தாள். நான் மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண் கீழே இறங்கி, மண் ஒட்டிய என் வெறுங்காலில் நின்றது. புரிந்துகொண்டவளாக, மரியாதையோடு தலையசைத்தாள்.