கெயார்டேக்கர் பவா

குசினி அடுப்படியில் நின்று கால் வீங்கின ஆட்கள் எல்லாரும் கிட்ட வந்து இருங்கோ. கோப்பை கழுவுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: கடையில் நடக்கிற சண்டை எல்லாம் காதில் விழும், நியாயம் சொல்லென்று ஒருத்தரும் அவனைக் கேட்க மாட்டினம்.

முடிஞ்ச கறி

ஊரில் போர் முடியப்போகிற அந்தக் கடைசி மாரியில், இந்தப் பனி நாட்டில், பார்க்டேலில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை எனக்கு. மரக்கறி வெட்டுகிறது எங்கடை ஊர்ப் பெட்டை பவா. முதலாளி நொய் அக்கா. அடுப்படியில் அவவின் தமையன் லெக் அண்ணை. அவர்களின் நாட்டில் அப்போது அரசாங்கம் கவிழ்ந்து, மஞ்சள் சட்டைக்காரரும் சிவப்புச் சட்டைக்காரரும் மாறி மாறி றோட்டில் நின்றார்கள். பாங்கொக்கில் வாழ்ந்த அக்கா மஞ்சள். வயலில் நின்ற அண்ணை சிவப்பு. இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.

மஞ்சள் கறிக்கு ஓடர் வந்தால் லெக் அண்ணை "முடிஞ்சுது" என்பார். சட்டி அவருக்கு முன்னால் கொதிக்கும். வழக்கமாக வருகிற வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்த முடிஞ்ச கறியிலை எனக்குக் கொஞ்சம் போடுங்கோ."

நெற்றி

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து நேரே வேலைக்கு வந்தேன். நெற்றியில் அகலமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். "மஞ்சள்தான் பெரிசு" என்றா அக்கா, என்னைப் பார்த்து. "சிவப்புத்தான் மேலை" என்றார் அண்ணை, அவரும் என்னைத்தான் பார்த்து. பவா வெட்டுகிற கையை நிறுத்தவில்லை. "உந்த அடுப்பு வெக்கைக்கு ரெண்டும் ஒழுகிப்போம், பொறுங்கோ."

இரண்டு பார்சல்

டவுன்டவுனில் எங்கடை சனம் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு குளிருக்குள் நின்றது. பவாவின் தமையன் வன்னிக்குள்ளே. போன் வந்து கனநாள். நாங்கள் ஊர்வலத்துக்கு வெளிக்கிட, முன்வாசலில் அக்கா மஞ்சள் கறியும் சோறும் கட்டித் தந்தா. பின்வாசலில் லெக் அண்ணை சிவப்புக் கறியும் சோறும் தந்தார். மற்றவருக்குச் சொல்லாதே என்று இரண்டு பேருமே சொன்னார்கள். நடைபாதையில் குந்தியிருந்து இரண்டையும் திறந்து வாயில் வைத்தோம். பவா சொன்னாள்: "ரெண்டிலையும் ஒரே உறைப்பு, அண்ணை. ஒரு தாய் பழக்கின கையெல்லோ."

விலகல்

முன்னம் ஒருநாள் நியூசில், லெக் அண்ணையின் நாட்டில் இப்ப கெயார்டேக்கர் அரசாங்கம் என்றார்கள். எங்கடை பில்டிங்கில் பனி தள்ளுகிற கெயார்டேக்கரை நினைத்து, "அந்த மாதிரி ஆளோ நாட்டைப் பாக்குது?" என்று கேட்டு நான் சிரிப்பு வாங்கினேன். லெக் அண்ணைதான் விளக்கினார்: அது எலெக்சன் வரும் மட்டும் சும்மா பார்த்துக்கொள்கிற அரசாங்கம், பெரிய முடிவு ஒன்றும் எடுக்க ஏலாது.

பிறகு ஒரு மத்தியானம், அந்தச் சட்டைச் சண்டை முற்றி, அவர் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கத்திகளைத் துணியில் சுற்றினார். வேலையை விடுகிறாராம். "போகட்டும்" என்று அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னா. அவர் போனால் கடையும் பூட்டு, உறவும் பூட்டு. பவா பெரிய கரண்டியைத் தூக்கினாள்.

"இண்டையிலையிருந்து இந்தக் குசினிக்கு நான்தான் கெயார்டேக்கர்."

"நல்லது. நான் விலகிறன்."

"உங்கடை விலகலை ஏற்க எனக்கு அதிகாரமில்லை, லெக் அண்ணை. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். எலெக்சன் வரும் மட்டும் நில்லுங்கோ."

லெக் அண்ணை கத்திக் கட்டை மேசையில் வைத்தார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பினார். "உவளை ஆர் வேலைக்கு எடுத்தது?"

"நீதான்," என்றா அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல்.

பின்னேரம் கோப்பைத் தொட்டியடியில் பவா எனக்கு மட்டும் சொன்னாள்: "ஒரு தமையனையாவது பிடிச்சு வைப்பம் எண்டு பாத்தன், அண்ணை."

நான் பென்சன் எடுக்கும்வரை லெக் அண்ணை "எலெக்சன் எப்ப?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பவாவும் ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டை வெங்காயத்தை அவருக்கு முன்னால் தள்ளிவிட்டுக் கரண்டியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.