பெல்ட் வண்டியை மடக்கியவர்

2008, காணும் பொங்கல். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். டயருக்குப் பதில் பட்டையில் ஓடும், நெல் அறுக்கும் பெல்ட் வண்டியைச் சேத்தியாத்தோப்புக்கு ஏற்றிச் செல்லும் லாரி டீக்காக ஒதுங்குகிறது. காத்திருந்த கணவனும் மனைவியும் டிரைவரிடம் ஓடுகிறார்கள். பருவம் தப்பிய மழையில் அவர்கள் நெல் சாய்ந்து சேற்றில் கிடக்கிறது.

“டயர் வண்டி உள்ளூர்லயே இருக்குதேம்மா?” என்கிறார் டிரைவர்.

“அத எறக்குனா, அதத் தூக்க இன்னொரு வண்டி வேணும், தம்பி!”

கடையே சிரிக்கிறது. டிரைவர் நாளை வருவதாகச் சொல்கிறார். அந்த அம்மா முந்தானையில் முடிந்திருந்த கதிரை எடுத்து நீட்டுகிறார். மணிகளின் நுனியில் வெள்ளை முளை.

“நாளைக்கு வந்தீங்கன்னா நாத்துதான் பறிக்கணும்.”

டிரைவர் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “ஏறுங்கம்மா, வழி காட்டுங்க.”

லாரி கிளம்பும்போது ஜன்னலிலிருந்து கணவருக்குக் கட்டளை பறக்கிறது: “வூட்டுக்குப் போயி கோழி அடிங்க! தம்பி சாப்புடாம போவக் கூடாது!”