ஓல்போர்க்குக்கு நாற்பத்தைந்து நிமிடம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஓல்போர்க்கில் படிக்கும் மகள் ஆரணி மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். முந்தின நாள் சைக்கிளில் விழுந்ததில் தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறதாம். ஒரு மணிக்கு அறுவைச் சிகிச்சை. எப்போதும் டெனிஷில் பேசுகிறவள், "அதுக்கு முதல் வாங்கோ அம்மா" என்று தமிழில் சொன்னாள்.

எங்கள் வீடு டெனிஷ் தலைநகரின் மேற்குப் புறநகரான டோஸ்ட்ருப்பில். ஏழே முக்காலுக்கு நேரடி ரயில் இருந்தது. பன்னிரண்டு கடந்ததும் போய்ச் சேர்ந்துவிடும். நான் சப்பாத்தை மாட்டிவிட்டேன். கால்முறிவுக் கட்டோடு கதிரையில் இருந்த கணவர் தடுத்தார்.

"ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். பிள்ளையின்ர தலை விசயம், அந்த நேரத்தில வெளிக்கிடாதை."

"இஞ்ச சூரியன் எழும்பவே எட்டரை ஆகும். அதுக்கு முதல் உங்கட ராகு எழும்பிட்டாரோ?"

"பகிடி விடாதை."

அவர் இணையத்தில் கஸ்ட்ரப், ஓல்போர்க் என்று இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் தட்டினார். தூரம் 238 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 45 நிமிடம். "பாத்தியே, பத்து நாற்பதுக்கு ஏறினா ரயிலுக்கு முதல் போயிடுவாய்."

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சப்பாத்தைக் கழற்றினேன். டிக்கெட் ஆயிரத்து நூறு குரோனர்.

ஒன்பது மணி கடந்து வெளிக்கிட்டு, பத்துக்கு முன் கஸ்ட்ரப் விமான நிலையத்தை அடைந்தேன். மேற்கே போக வேண்டியவள் முதலில் கிழக்கே போயிருந்தேன். பத்தரைக்குப் பலகையில் என் விமானத்துக்கு நேரே 'தாமதம்' என்று விழுந்தது. தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு தமிழரிடம் விசாரித்தேன்.

"ஓல்போர்க்கில மூடுபனியாம் அக்கா. இறங்க விடமாட்டினம். என்ன அவசரம்?"

"மகளுக்கு ஒப்பரேசன், தம்பி."

"ஐயோ, ரயிலெடுத்திருக்கலாமே! இப்ப பாதித்தூரம் போயிருப்பீங்கள்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பனி கலைஞ்சிடும் அக்கா, இருங்கோ" என்றார்.

பன்னிரண்டுக்கு ஆரணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "எவ்வளவு தூரம் அம்மா?" 238 என்று எழுத மனம் வரவில்லை. விமானத்தில் வந்துகொண்டிருக்கிறேன் என்று அனுப்பினேன்.

விமானம் ஒன்றரைக்குத்தான் கிளம்பியது. நாற்பத்தைந்து நிமிடத்தில் சரியாக இறங்கியது. வாடகைக் கார் நகரை ஒட்டிய லிம்ஃபியோர்ட் கடற்கழியைக் கடந்தபோது நீருக்கு மேல் பனி இன்னும் நின்றது.

மருத்துவமனையில் ஒரு தாதி என்னை நாற்காலியில் இருத்தி, தண்ணீர் தந்தார். சொன்ன நேரத்துக்கே ஆரணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். மயக்க மருந்து ஏறும்வரை, அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"உன் அம்மா வானத்தில் இருக்கிறா, இதோ இறங்கப்போகிறா என்று சொன்னேன். அதன்பிறகு அமைதியாகிவிட்டாள்" என்றார் அவர்.

அந்த நேரத்தில் நான் கஸ்ட்ரப்பில், தரையில் இருந்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது; இதை எழுதும்போது ஆரணி இன்னும் கண் விழிக்கவில்லை.