ஏழாம் மாடிக்குப் போன எறும்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேள்விகள் அதிகம், வாய் குறைவு. இப்படிச் சொன்னால் அவர் மனைவி நம்மோடு சண்டைக்கு வருவார். வாயெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வார்த்தைதான் கிளம்பவேண்டிய நேரத்தில் மக்கர் பண்ணுகிறது என்பார். அவர் சொல்வதுதான் சரி. மெக்கானிக்குக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். சில எழுத்துகளைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார், சிலவற்றில் அப்படியே நின்றுவிடுவார். 'க' அவருக்குப் பரம எதிரி. 'எ'வும் லேசுப்பட்டதல்ல.

நிற்பதில்கூட அவருக்குப் பெரிய வருத்தம் கிடையாது. கொஞ்சம் பொறுத்தால் வார்த்தை வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பொறுக்கத்தான் ஆள் இல்லை. அவர் நின்றதும் எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் திடீரென்று பரோபகாரிகளாகி, மிச்ச வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடையில் பால் கேட்க வாயெடுத்தால், "பன்னா? ரெண்டா?" என்று தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இல்லை என்று சொல்ல இன்னும் நீளமாகப் பேச வேண்டுமே என்று மெக்கானிக் பன்னைத் தின்றுவிடுவார். முடிவெட்டும் கடையில் ஓரத்தில் மட்டும் குறைக்கச் சொல்லப் போய், ஏறக்குறைய மொட்டையாக வீடு வந்த கதையும் உண்டு. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. தினமும் அடுத்தவர் முடிவு செய்ததைத் தின்று, அடுத்தவர் முடிவு செய்த தலையோடு திரிகிறவருக்குச் சிரிப்பு வருமா?

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். நாலு பேர் கூடுகிற அரங்கத்தில் எழுந்து நின்று, தன் கேள்வியைத் தன் வாயால், தான் நினைத்த வார்த்தைகளிலேயே கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

அரங்கம் என்பது நகர நூலகத்தின் மாடி. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே சொற்பொழிவு. ஒரு வாரம் நட்சத்திரங்கள், அடுத்த வாரம் பழைய நாணயங்கள், அதற்கடுத்த வாரம் மனிதன் ஏன் பொய் சொல்கிறான் என்று யாராவது ஒரு தத்துவப் பேராசிரியர். அனுமதி இலவசம், மின்விசிறி தாராளம். தூங்க வருகிறவர்களும் உண்டு, வீட்டில் பேச்சுத் துணை இல்லாதவர்களும் உண்டு, வருகைப் பதிவுக்காக வரும் மாணவர்களும் உண்டு. மெக்கானிக் கேட்க வருகிறவர். ஆஸ்பத்திரி லிஃப்டுகளோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு, கையில் கிரீஸ் வாசனை போகாமல், இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எந்தத் தலைப்பாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசினால் அவர் மண்டைக்குள் ஏழெட்டுக் கேள்விகள் முளைத்துவிடும்.

அந்த அரங்கத்தின் செயலாளர், வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வெண்கலக் குரல். அவர் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தார். கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கக் கூடாது, நடைபாதையில் நிற்கும் மைக்குக்கு வந்துதான் கேட்க வேண்டும். கேட்டவர் போய் உட்கார்ந்த பிறகுதான் பேச்சாளர் பதிலை ஆரம்பிக்க வேண்டும். கேட்டவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, பதிலுக்கு நடுவில் மல்லுக்கு வந்ததால், ஒருமுறை ஒரு வரலாற்றுப் பேராசிரியர் பாதியில் வெளிநடப்பே செய்துவிட்டாராம். அதிலிருந்து உட்கார்ந்தால்தான் கேள்வி முடிந்ததாகக் கணக்கு. நல்ல மனிதர்தான் செயலாளர். ஒரே ஒரு குறை, மௌனம் அவருக்கு ஆகாது. வானொலியில் மூச்சு விடும் நேரத்துக்கு மேல் சத்தம் நின்றால் எந்திரம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை.

சீட்டு வழி அடைபட்டதால் மெக்கானிக்கின் மனைவி களத்தில் இறங்கினார். அவர் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவர். பேசிப் பேசி உரமேறிய வாய். மெக்கானிக் அவர் காதில் கேள்வியைச் சொல்வார், மனைவி எழுந்து போய்க் கேட்பார். ஆனால் இரண்டாம் வரிசையிலிருந்து மைக்குக்குப் போவதற்குள் அந்தக் கேள்வி அவருடையதாகிவிடும். இப்போது நமக்குத் தெரியும் நட்சத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று மெக்கானிக் கேட்கச் சொன்னால், தொலைநோக்கி என்ன விலை என்று கேட்டுவிட்டு வருவார்.

"ஏங்க, அவர் என்ன அழகா பதில் சொன்னாரு பார்த்தீங்களா?" என்பார் உட்கார்ந்ததும்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவர் தானே முயற்சி செய்யவில்லையா என்றால், செய்தார். கிரகணம் பற்றிய பேச்சு அன்றைக்கு. மனைவி கடையில் மாட்டிக்கொண்டதால் துணிந்து மைக்குக்குப் போய்விட்டார். 'கிரகணம்' என்ற சொல் வந்ததும் வழக்கம்போல 'க' வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. திக்குகிறவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. வராத வார்த்தையை விட்டுவிட்டு, வருகிற வார்த்தைக்குத் தாவிவிடுவார்கள். மெக்கானிக்கும் தாவினார். அந்த வார்த்தைக்கு இந்த வாக்கியம் பொருந்தாததால் வாக்கியத்தை மாற்றினார். மாற்றிய வாக்கியத்தில் இன்னொரு முட்டுக்கட்டை. அதையும் விட்டுத் தாவினார். இப்படித் தாவித் தாவிக் கடைசியில் அவர் வாயிலிருந்து முழுசாக வெளியே வந்தது இதுதான்: "ஐயா, தண்ணி வேணுங்களா?"

பேச்சாளர் நெகிழ்ந்துபோய், "ரொம்ப நன்றிங்க" என்று எடுத்துக் குடித்தார். அரங்கமே கைதட்டியது. மெக்கானிக் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. இத்தனைக்கும் அடுத்தவர் யாரும் அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. தன் கேள்வியைத் தானே கைகழுவிவிட்டார். அதுதான் அவரை உறுத்தியது.

கேள்விதான் தண்ணீராக மாறியது என்ற கதை எப்படியோ செயலாளர் காதுக்குப் போயிருக்கிறது. அவருக்கு மனசு இளகிவிட்டது. பேச்சு ஏன் திக்குகிறது என்பதைப் பற்றிப் பேச ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்து அழைத்தார். முதல் வரிசை நடுவில் ஒரு நாற்காலியை மெக்கானிக்குக்கென்று ஒதுக்கினார். வீட்டுக்கே வந்து சொன்னார்.

"உங்களுக்காகவே ஏற்பாடு பண்ணியிருக்கேன். நீங்க அன்னைக்கு மனசு விட்டுக் கேக்கலாம். டாக்டரே உங்களை மேடைக்குக் கூப்பிடறதா சொல்லியிருக்கார்."

"வ... வரலைங்க" என்றார் மெக்கானிக்.

"வெக்கப்படாதீங்க. எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"வெக்கம் இல்லைங்க. திக்குறதைப் பத்தி எ... எனக்கு ஒரு கேள்வியும் இல்ல."

செயலாளர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு பிடி பிடித்தார். "நல்லது பண்ண வந்த மனுஷன் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டீங்களே! போனா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

 மெக்கானிக் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்திழுத்து, கல்யாணமான நாளிலிருந்து பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். தனக்கு நட்சத்திரம் பற்றித் தெரிய வேண்டும், நாணயம் பற்றித் தெரிய வேண்டும், தன் நாக்கைப் பற்றி வேண்டாம், அது தன்னோடுதானே இருக்கிறது என்றார். அடுத்து எறும்பு பற்றிய பேச்சு வருகிறது, அதில் தான் கேட்கப் போவதாகவும் சொன்னார். "நீ வாயைத் தி... திறக்கக் கூடாது. நான் எவ்வளவு நேரம் நின்னாலும் சரி."

"அங்கேயே விடிஞ்சாலும்?"

"விடிஞ்சாலும்."

மனைவிக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது, அத்தனை பேர் நடுவில் இந்த மனிதர் நின்று தவிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று. ஆனாலும் சரி என்றார்.

எறும்பு என்றதும் மெக்கானிக் இத்தனை துடித்ததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திவிட்டுக் கதவுத் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் எறும்பு உள்ளே வந்தது. அதற்குள் யாரோ மேலே பொத்தானை அமுக்க, எறும்பும் மெக்கானிக்கும் ஏழாம் மாடிக்குப் போனார்கள். கதவு திறந்தது. எறும்பு தன் பாட்டுக்கு இறங்கிப் போனது. மெக்கானிக்கின் மண்டைக்குள் புகுந்துகொண்ட கேள்வி மட்டும் இறங்கவில்லை. வந்த வழியை மோப்பம் பிடித்துத் திரும்புவதுதானே எறும்பின் வழக்கம்? வழி கீழே இருக்கிறது, இது மேலே இருக்கிறது. தான் தொலைந்துபோனது அதற்குத் தெரியுமா?

அந்த வியாழக்கிழமை எறும்புகளைப் பற்றிப் பேச வந்த பேராசிரியை பிரமாதமாகப் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் மெக்கானிக் எழுந்தார். மனைவி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கதை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் மைக்கைப் பிடித்தார்.

"அம்மா, லிஃப்டுக்குள்ள வந்த எ... எ..."

நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். 'அந்தப் பூச்சி' என்று சொல்லிவிட்டால் தாண்டிவிடலாம், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மெக்கானிக் அதைத் தொடவில்லை. எறும்பைத்தான் கேட்க வந்தார், எறும்பு என்றுதான் கேட்பார்.

மேடையில் செயலாளர் நெளிந்தார். தன் மைக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. வெண்கலக் குரலில் சொல்லியேவிட்டார்: "அதாவது நண்பர் கேட்பது, எறும்புகள் உயரமான கட்டடங்களில் எப்படி ஏறுகின்றன என்பது. நல்ல கேள்வி! நண்பர் அமரலாம்."

பாவம், அவர் உதவிதான் செய்தார். பேராசிரியையும் புன்னகையோடு பதிலுக்குத் தயாரானார். கால்களில் ஒட்டும் தன்மை பற்றிச் சொல்லத் தொடங்கப் போகிறார் என்று அவர் கை அசைவிலேயே தெரிந்தது. மெக்கானிக் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

மெக்கானிக் உட்காரவில்லை.

மைக்கை விட்டு நகரவும் இல்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். பேராசிரியை செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மெக்கானிக்கைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். மெக்கானிக் தலையை ஆட்டினார். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டது அப்போதுதான் செயலாளருக்கு உறைத்தது. கேட்டவர் நிற்கும்வரை கேள்வி முடியவில்லை, கேள்வி முடியாதவரை பதில் இல்லை.

"அது இ... இல்லைங்க என் கேள்வி" என்றார் மெக்கானிக். "நான் இன்னும் முடிக்கல."

குரல் நடுங்கியது. ஆனால் அவருக்குள் இருந்தது பயமில்லை, கோபம். தட்டில் வந்து விழுந்த பன்களுக்கெல்லாம் சேர்த்து வந்த கோபம். அந்தக் கோபத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். 'எ'வில் நின்றார், தாண்டினார். 'ஏழாம் மாடி'யில் நின்றார், தாண்டினார். 'கீழே'யில் நின்றது எல்லோருக்கும் மூச்சு முட்டுகிற அளவுக்கு நீண்டது. செயலாளர் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மனைவியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் 'கீழே' வந்தது, அதன் பின்னால் வரவேண்டியதெல்லாம் வந்தது. "தான் தொலைஞ்சுபோனது அதுக்குத் தெரியுமாம்மா?" என்று முடித்துவிட்டு, மெக்கானிக் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பேராசிரியையின் கை கீழே இறங்கியது. 

"முதல்ல அதுக்குத் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். "சில வகை எறும்புகளைத் தரையில ஒரு இடத்துலருந்து தூக்கி இன்னொரு இடத்துல விட்டுப் பார்த்திருக்கோம். எந்தத் திசையில வீடு இருந்துச்சோ அந்தத் திசையிலயே கொஞ்ச தூரம் போகும். அங்க வாசல் இல்லன்னதும் சுத்திச் சுத்தித் தேட ஆரம்பிக்கும். லிஃப்ட்ல போன எறும்பை நான் பார்த்ததில்ல."

மெக்கானிக்கின் மனைவி கைகளை வெளியே எடுத்து, மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டு, "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்து, நன்றி சொல்ல மைக்கை எடுத்தார்.

அதற்குள் மெக்கானிக் மறுபடியும் எழுந்துவிட்டார்.

"ஐயோ, என்னங்க!" என்று மனைவி சட்டையைப் பிடித்தார். மெக்கானிக் விடுவித்துக்கொண்டு மைக்குக்குப் போனார். "அப்போ அ... அங்க வேற கூட்டம் இருந்து, அதுங்க இ... இதை..."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "யோவ், எவ்வளவு நேரம்தான்யா நீயே பேசுவ? மத்தவங்களுக்கும் வாய் இருக்குல்ல?"

 செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக்கின் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வரிசைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட எழுந்தார்.

மெக்கானிக் கையமர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்த மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றார். பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்து எத்தனையோ பேர் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள், முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதிகமாகப் பேசுகிறாய் என்று இதுவரை ஒருத்தர்கூடத் திட்டியதில்லை.

அவர் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"இ... இருய்யா" என்றார். "இன்னும் க... கொஞ்சம் இருக்கு."