ஒரு மணி நேரம் காத்திருக்காத வசந்தா சிஸ்டர்

லேபில் ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் கிளினிக் நர்ஸ் வசந்தா சிஸ்டர் வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே திட்டியிருப்பார்.

திருத்தணியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு அவர் வாய் தெரியும். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில்லை. நான் லேப் டெக்னீஷியன், எண் வந்தால்தான் நம்புவேன். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுவதைப் பார்த்தே அவர் பாதி நோயைச் சொல்லிவிடுவார். எனக்கு அது எரிச்சல்.

என் நைனா திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறார். காலையில் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல்தான் நடமாடுவார். வயசாச்சு என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு காலை கிளினிக்கில் அவரைப் பார்த்த சிஸ்டர், "அண்ணா, தலையில துண்டு கட்டுங்க பாக்கலாம்" என்றார். கைகள் காதுக்கு மேல் ஏறவில்லை.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா இப்பிடித்தாம்மா."

என் பக்கம் திரும்பினார். "ஊரு ரத்தமெல்லாம் பாக்கற, வூட்டு ரத்தம் பாக்கலியா?"

பார்த்தேன். உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மிக அதிகம். டாக்டர் வேறு காரணங்களைத் தேடி விலக்கிவிட்டு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்றார். குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார். மூன்றாம் நாள் நைனா தானே சட்டை மாட்டினார். "மாசக்கணக்கா, மெதுவாத்தான் குறைக்கணும். நல்லாயிடுச்சேன்னு நிறுத்தினா வூட்டுக்கே வருவேன்" என்று சிஸ்டர் மிரட்டி அனுப்பினார்.

ஆடிக் கிருத்திகைக்கு நைனா மொட்டையடித்துக் காவடி எடுத்தார். மறுநாள் தலை எரிகிறது என்றார். கத்தி பட்ட எரிச்சல், சந்தனம் பூசு என்றேன். அன்று மதியம் பிரசாதத்தோடு கிளினிக்குக்கு வந்தார். சிஸ்டர் நெற்றிப்பொட்டைத் தொட்டதும் நைனா துள்ளினார்.

"கத்தி உள்ளயா போச்சு? மெல்லும்போது தாடை வலிக்குதா?"

"ஆங்."

"கண்ணு?"

"காலையில ஒரு கண்ணுல கொஞ்ச நேரம் திரை போட்டாப்ல இருந்துச்சு. விரத மயக்கம்."

"மாத்திரை?"

நைனா தரையைப் பார்த்தார். "மாத்திரை தின்னுகினு விரதம் இருக்கலாமா? பத்து நாளா நிறுத்திட்டேம்மா."

ஊசியை எடுத்தேன். "ஈ.எஸ்.ஆர். பாத்துடலாம் சிஸ்டர், ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும்."

"உன் குழாய்க்கு ஒரு மணி நேரம் இருக்குது. அவரு கண்ணுக்கு இல்ல."

வெளியே போயிருந்த டாக்டரைப் போனில் பிடித்தார். தலையின் ரத்தக் குழாய் வீங்கியிருக்கலாம், கண்ணுக்கு ரத்தம் நின்றால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் சொன்ன அதிக அளவு மருந்தை அங்கேயே விழுங்கவைத்து, சென்னைக்கு நான் ஓட்டிய காரில் கூடவே ஏறினார் சிஸ்டர்.

வழியெல்லாம் நைனாவின் ஒரு கண்ணை மூடி, "எத்தினி வெரலு?" என்று கேட்டபடி வந்தார். திருவள்ளூர் தாண்டியதும் ஒருமுறை பதில் வரவில்லை. என் கால் பிரேக்குக்குப் போனது.

"மூணுதாம்மா. மருதாணி ஒரு வெரல்ல செவக்கலியேன்னு பாத்துகினு இருந்தேன்."

"நீ ஓட்டுடா" என்றார் சிஸ்டர். குரல் நடுங்கியது அன்றுதான்.

இரண்டு கண்ணும் தப்பின. நேற்று சிஸ்டரின் உடலுக்குப் போட வாங்கிய மாலையை நைனா இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி வந்தார்.

இன்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா ரத்தம் கொடுக்க வந்தார். ஊசியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்: "ரெண்டு கையும் தூக்கிக் கொண்டை போடுங்கம்மா பாக்கலாம்." சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.