ரக்பி ஆடிய என் மகளுக்குக் கர்த்தர் தந்த கிரிக்கெட் சட்டை

“அம்மா, இன்னைக்கு என்ன இவ்வளவு மஞ்சு?” என்று என் மகள் ஷெர்லின் கேட்டாள். மூடுபனியை எங்கள் மலையில் மஞ்சு என்றுதான் சொல்வோம். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெளியே பளீரென்று வெயில். மாட்டுப்பட்டி அணைத் தண்ணீர் கண் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தது. ஷெர்லின் வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அன்பான சகோதர சகோதரிகளே, எங்கள் வீட்டுத் துயரம் அப்படித்தான் தொடங்கியது. அது எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஞானராஜ் அதே எஸ்டேட்டின் ஃபாக்டரியில் இருக்கிறார். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்தே எழுதவும் பழகினேன். வாய் மட்டும் சின்ன வயதிலிருந்தே ஓயாது. யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் அப்படியே மனதில் நின்றுவிடும். ஆகவே கர்த்தர் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியில் மற்றவர்கள் சொன்னதுதான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெர்லின் எங்களுக்கு ஒரே பிள்ளை. பாலக்காட்டில் காலேஜில் படிக்கும்போது ரக்பி விளையாடத் தொடங்கினாள். எங்களுக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “என்னட்டி இது, பந்தைத் தூக்கிட்டு ஓடுற பிள்ளைய இத்தனை பேரு சேந்து அமுக்குதாளுவ. இதப் படிக்கவா பாலக்காடு வரைக்கும் போன? நம்ம ரேஷன் கடையிலயே நடக்குமே” என்றார். ஆனால் அந்தப் பிள்ளை கேரள அணிக்குக் கேப்டன் ஆனாள். கப்போடு ஊருக்கு வந்த அன்று எஸ்டேட் முகப்பில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஜீப்பில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். வீட்டுக்காரர் அந்த ஜீப்புக்கு முன்னால் நடந்து வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கண் மங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். “கண் நரம்பு வாடிப்போச்சும்மா. போனது திரும்பாது. இப்ப ஓரத்துல நிழல் மாதிரி தெரியறது இருக்கு பாருங்க, அதைக் காப்பாத்திக் கொடுத்துடறேன்.” அவர் சொன்னபடியே செய்தார். நிழல் மட்டும் நின்றது.

வீட்டுக்கு வந்த புதிதில் ஷெர்லின் தைரியமாகத்தான் இருந்தாள். ஒரு நாள் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசற்படியில் கால் தவறி விழுந்தாள். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் ஓடிவந்து, “ஐயோ பாவம், எப்படி ஓடுன பிள்ள” என்று சொல்லித் தூக்கினார்கள். அவள் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. மைதானத்தில் யார் தள்ளினாலும் உருண்டு எழுந்து ஓடியவள், கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்தாள். கூப்பிட்டால் பதில் வரும். சாப்பாடு இறங்காது. ராத்திரி அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பேன். அழவும் மாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபம் உண்டு. எஸ்தர் அக்காதான் நடத்துவாள். நானும் மாதக்கணக்கில், “கண்ணைத் தாரும், கண்ணைத் தாரும்” என்று அழுதேன். ஒரு புதன்கிழமை என் வாயில் வேறு மாதிரி வந்தது. “ஆண்டவரே, கண்ணைத் தருவதும் தராததும் உமது சித்தம். என் பிள்ளை மறுபடியும் ஓட வேண்டும். அதை மட்டும் எனக்குத் தாரும்.”

ஜெபம் முடிந்ததும் எஸ்தர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி பாக்கியம், கண்ணு தெரியாத பிள்ளைய ஓட வையும்னு கேட்டா எப்படிட்டி? விழுந்து மண்டை உடைஞ்சா?”

“கேட்டுட்டேன்க்கா. இனி அவரு பாடு” என்றேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நனைந்த குடையோடு ஒருவர் நின்றார். இன்னொரு கையில் வெள்ளைக் குச்சி.

“ஏனுங்க, ஷெர்லின் ஊடு இதுதானுங்களா?”

அவர் பெயர் சதீஷ். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். அவருக்கும் பார்வை கொஞ்சம்தான். பார்வையில்லாத பெண்களுக்குக் கிரிக்கெட் பழக்குகிறார். ஷெர்லினோடு ரக்பி ஆடிய ஒரு பெண் அவரிடம் இவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பஸ் மாறி மாறி, மலை ஏறி, மழையில் வந்துவிட்டார்.

ஷெர்லின் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். “சார், கிரிக்கெட்டெல்லாம் ஒரு வெளையாட்டா? பாதி நேரம் நின்னுகிட்டு இருப்பாங்க, மீதி நேரம் டீ குடிப்பாங்க.”

“டீத்தோட்டத்துல இருந்துட்டு டீயப் பழிக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?” என்றார் அவர்.

அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அவர் பையிலிருந்து வெள்ளைப் பந்து ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டினார். உள்ளே குண்டுமணி போட்டது போலச் சலசலவென்று அது உருண்டது. ஷெர்லின் கட்டிலிலிருந்து அப்படியே பாய்ந்து, பந்தை மார்போடு அணைத்துத் தரையில் சுருண்டுகொண்டாள். சோற்றுப் பானை ஒரு பக்கம் சாய்ந்தது.

“புடிச்சது சரிங்க. இப்ப உடுங்க” என்றார் சதீஷ் சார். “இது ரக்பி இல்லீங்க. கட்டிப் புடிச்சுட்டுப் படுத்திருந்தீங்கன்னா அவங்க ஓடி ஓடி ரன் எடுத்துருவாங்க.”

இப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்தில் சில நாள் பாலக்காட்டுக்குப் போய்ப் பழகுவாள். மற்ற நாட்களில் எங்கள் ஜெபக்குழுப் பெண்கள்தான் அவளுக்குப் பந்து போட்டார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலையில் மஸ்டர் என்று ஆள் கணக்கு எடுக்கும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் பந்து போடுகிறவர் “ரெடியா?” என்று கேட்க வேண்டும். மட்டை வைத்திருப்பவர் “ரெடி” என்ற பிறகு, “ப்ளே” என்று சொல்லித் தரையோடு உருட்ட வேண்டும். எஸ்தர் அக்கா “ப்ளே” என்பதற்குப் பதிலாக, “இயேசுவே” என்று சொல்லித்தான் உருட்டுவாள். ஷெர்லினும் அதற்கே பழகிவிட்டாள். பக்கத்து வீட்டு முத்துலெட்சுமி எங்கள் சபை இல்லை, முருகனைக் கும்பிடுகிறவள். அவளும் தவறாமல் வந்து, “எங்க ஆளு பேரைச் சொல்லி ஒண்ணு போடுதேன், அதையும் அடி” என்பாள்.

மாநில அணியில் இடம் கிடைத்தது. அடுத்தது நாட்டின் அணிக்குத் தேர்வு. தென்மாநிலங்களிலிருந்து வந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மைதானத்தில் ஆட வைத்தார்கள். ஒரே ஆட்டம்தான். தேர்வு செய்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். இதில் தவறினால் அவள் மறுபடியும் அந்தக் கட்டிலுக்கே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் குழு முழுவதும் வேன் பிடித்துப் புறப்பட்டோம். மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றி, கோபாலபுரம் செக்போஸ்டில் மறுபடியும் கேரளாவுக்குள் நுழைந்தோம். வழியெல்லாம் பாட்டு. செக்போஸ்டில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, “கல்யாணமாணோ?” என்று கேட்டார். “இல்ல சாரே, கிரிக்கெட்டு” என்றாள் எஸ்தர் அக்கா. அவர் எங்கள் வயதையும் உருவத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஷெர்லின் மட்டையோடு இறங்கினாள். முதலில் சில பந்துகள் நன்றாக அடித்தாள். நாங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். இனிமேல்தான் எங்கள் மடத்தனம் வருகிறது. மஸ்டர் மைதானத்தில் எல்லாருக்கும் பந்து போடுகிற வேலை இருந்தது. இங்கே கை சும்மா இருந்தது. நாங்கள் மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசிப் பழகிய சனம். ஜெபமும் அப்படித்தான். பந்து போடுகிற பெண் “ப்ளே” என்றாள். எஸ்தர் அக்காவுக்குப் பரவசம் தாங்கவில்லை. “ஸ்தோத்திரம் ஆண்டவரே, பிள்ளையைத் தாங்கும்” என்று எழுந்தாள். நாங்கள் எல்லாரும் கைதட்டி, ஒரே குரலில் அல்லேலூயா சொன்னோம்.

பந்து உருண்ட சத்தம் அதில் மூழ்கிவிட்டது. ஷெர்லின் மட்டையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். ஸ்டம்ப் விழுந்தது.

நடுவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். இன்னொரு தடவை சத்தம் வந்தால் மைதானத்தை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். சத்தம் வந்ததற்காக அந்தப் பந்தை மறுபடியும் போடச் சொல்வாரா என்று சதீஷ் சார் கேட்டுப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் கேட்டது ஒரே சத்தம்தான் என்று சொல்லி நடுவர் மறுத்துவிட்டார்.

ஷெர்லின் குச்சியைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. “அம்மா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பந்து கேக்கணும்” என்றாள். 

எஸ்தர் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நான் கெடுத்துட்டேன்டி. ஜெபம் பண்ணியே கெடுத்துட்டேன்.”  ஆண்டவரே, உம்மைக் கூப்பிட்டதுதானே எங்கள் குற்றம் என்று உள்ளே புழுங்கினேன்.

அடுத்து ஷெர்லினின் அணி பந்து தடுக்க இறங்கியது. நாங்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டோம். சொன்னால் சிரிப்பீர்கள், எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.  என் வாழ்நாளில் சத்தமில்லாமல் நான் ஜெபித்தது அன்றைக்குத்தான். மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது. எங்கோ பனைமரத்து ஓலை உரசுவதுகூடக் கேட்டது.

எதிரணிப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து சலசலத்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி ஓடியது. ஷெர்லின் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு ஓடினாள். பார்வையுள்ளவள் போல ஓடினாள். கோட்டுக்குச் சற்று முன்னால் முழு உடம்போடு பாய்ந்தாள். மண்ணில் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை மார்பில் வாங்கினாள்.  கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பாளோ என்று பயந்தேன். அவள் உருண்ட வேகத்திலேயே முழங்காலில் எழுந்தாள். ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்றவள் கைதட்டிக் கூப்பிட்ட திசையில் எறிந்தாள். ஸ்டம்ப் சரிந்தது. ஓடிவந்தவள் அவுட்.

நாங்கள் கைதட்டவில்லை. தட்டலாமா என்று தெரியவில்லை. நடுவரே எங்களைப் பார்த்து, “இப்ப தட்டலாம்” என்றார். அதன் பிறகு எஸ்தர் அக்கா போட்ட அல்லேலூயா கோபாலபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு அதுபோல இன்னும் பல பந்துகளை விழுந்து விழுந்து தடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் தேர்வுக்கு வந்த அம்மா ஒருவர், “இப்படிப் பயமில்லாம விழறதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“ரக்பி, மேடம்” என்றாள் ஷெர்லின்.

அந்த அம்மா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மலைக்குத் திரும்பினோம். வாரங்கள் போயின. மட்டையில் தவறியவளை எடுப்பார்களா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஷெர்லின் கட்டிலுக்குப் போகவில்லை. ஆனால் போன் மணி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு காலையில் நாங்கள் ஃபாக்டரிக்கு மேலே உள்ள தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். முத்துலெட்சுமி என் தோளைத் தட்டினாள். “ஏட்டி பாக்கியம், ரோட்டப் பாரு. ஓடி வாரது யாரு?”

ஷெர்லின் ஓடி வந்தாள். தேயிலைச் செடியை ஒரு கையால் தடவிக்கொண்டு, எங்கள் பேச்சுச் சத்தத்தை வைத்துக்கொண்டு, மேட்டில் தனியாக ஓடி வந்தாள். பாதி வழியில் தடுக்கி விழுந்தாள். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இரு, அவளே எந்திரிப்பா.” எழுந்தாள். மண்ணைக்கூடத் தட்டவில்லை, மறுபடியும் ஓடினாள். மூச்சு வாங்க, “அம்மா, என்னைய எடுத்துட்டாங்க. இந்தியா டீமும்மா” என்றாள்.

நான் செடிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். என்ன சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை.

ஷெர்லினுக்குக் கண் திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “அப்ப என்ன பதில் கிடைச்சுது?” என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களைக் காலையில் மாட்டுப்பட்டி ரோட்டுக்கு வரச் சொல்கிறேன். அவள் அப்பா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு முன்னால் போவார். அவள் அந்த மணியின் பின்னால் ஓடுவாள். மூச்சிரைப்பது அவருக்குத்தான். நீல நிறச் சட்டை வந்துவிட்டது. முதுகில் அவள் பெயர். வந்த அன்று அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சீக்கிரம் முதல் ஆட்டத்துக்குப் போகிறாள். அவளுக்காக ஜெபியுங்கள்.

நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது, இதைப் போய் ஆண்டவரிடம் கேட்பதா என்று ஒரு காரியத்தை உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டதும் நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை.