மூச்சுக்கு இடைஞ்சலாய் ஒரு மூக்குத்தி

என் குறட்டையை ஊருக்கு அறிவித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஒரு கல்யாணப் பந்தியில், தன்னோடு மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, "எங்க வீட்டுக்குத் திருடன் வரமாட்டான் மாப்ள. அவ தூங்குனாப் போதும், நாய்கூடத் தேவையில்ல" என்றார். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு நின்ற நானும் சிரித்தேன். வாளியை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போது எனக்கு இல்லை.

அவர் என்னவோ சத்தமில்லாமல் தூங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு மல்லாந்தார் என்றால் மாவு மில் தோற்றுப்போகும். அதற்கு என் மாமியார், "உழைக்கிற கட்டை, அசந்து தூங்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். நான் குறட்டை விட்டால் மட்டும், "பொம்பள தூங்குற தூக்கமா இது? வீடு வெளங்குமா?" மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, எங்கள் வீட்டில் குறட்டைக்கும் அதே நியாயம்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் என் குறட்டையின் தலையிலேயே கட்டினார்கள்.

இது எண்பதுகளின் கடைசியில். நான் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக இணைப்புக் கொடுக்கிற வேலை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் எனக்குத் தூக்கம் தீராது. ஒருநாள் மேலூர் நெல் வியாபாரி ஒருவர் பேரையூருக்கு நம்பர் கேட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தூங்கிவிட்டேன். "ஏம்மா, இருக்கியா, செத்துட்டியா?" என்று அவர் காதுக்குள் கத்தியது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதுபோல் இருந்தது. அதற்கு மெமோ வந்தது. அது இரண்டாவது. எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணாவது வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு" என்றார்.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த நெஞ்சு டாக்டர் ஒருவர் இருந்தார். பட்டப்பகலில், அவர் கூப்பிடுவதற்குள் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். எழுப்ப வந்த நர்ஸை அவர் தடுத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையும் என் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு தடவை முக்கால் நிமிஷம் மூச்சே இல்லை என்று நர்ஸ் பிற்பாடு சொன்னாள். கண்ணைத் திறந்தபோது அந்த மனுஷர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி இல்லாமல் என் தூக்கத்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"தூங்குறப்ப உங்க தொண்டை மூடிக்குதும்மா. மூச்சு நின்னுபோகுது. மூளை பதறிப்போய் எழுப்பி விடுது. ராத்திரி பூரா இதே கதை. சும்மா விட்டா ஒருநாள் இருதயம் தாங்காது" என்றார்.

"அம்புட்டுக் குறட்டை விடுறேன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர்."

"குறட்டை கேக்குற வரைக்கும் பயமில்ல. அது திடீர்னு நிக்குது பாருங்க, அப்பத்தான் பயப்படணும்."

மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மிஷின் வந்திருக்கிறது என்றார். மதுரையில் கிடைக்காது, மெட்ராஸில் கிடைப்பதும் சந்தேகம் என்றார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். தூங்குவதற்கு ஒரு வியாதியா என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். பிறகு ஏதோ மருந்துக் கடையில் கேட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் சளிக்கு ஆவி பிடிக்கிற பாத்திரம். "மூச்சு மிஷின்தானே கேட்ட? இதுலயும் மூக்கைத்தானே வைக்கணும்?" என்றார். வைத்தேன். உதடு வெந்ததுதான் மிச்சம்.

நல்லவேளை, சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பிக்குக் கடுதாசி போட்டேன். ஐந்து மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். தையல் மிஷின் பெட்டி அளவுக்கு ஒரு யந்திரம், அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாய் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க். நான் மாட்டிக்கொண்டதும் வீட்டுக்காரர் கைதட்டி, "அம்மா, இங்க வா, பிள்ளையார் வந்திருக்காரு, கொழுக்கட்டை போடு" என்றார். சொல்லிக்கொள்ளட்டும். சுவிட்சைப் போட்டால் மிக்சி மாதிரிச் சத்தம். காற்று தொண்டைக்குப் போகாமல் மாஸ்க்கின் ஓரத்தில் பீறிட்டுக் கண்ணில் அடித்தது. அளவு சரியில்லையோ என்று தம்பி இன்னும் இரண்டு மாஸ்க் அனுப்பினான். அதிலும் அப்படித்தான். கண் சிவந்து வேலைக்குப் போனால், ராத்திரி அழுதியா என்று கேட்டார்கள்.

மிஷினைப் பையில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்க்கை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பிறகு, "மிஷின் சரிதான். இந்த நடு சைஸ் மாஸ்க்கும் சரிதான். இடைஞ்சல் உங்க மூக்குத்தி. அதைக் கழட்டிருங்க" என்றார்.

நர்ஸின் கை அப்படியே நின்றது. என் கை தானாக மூக்குக்குப் போனது. வலப்பக்கம் ஏழுகல், இடப்பக்கம் ஒற்றைக்கல். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டது, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றுகிறாள் என்றால் அவள் புருஷன் செத்திருக்க வேண்டும். டாக்டர் மதுரையில் பிறந்தவர்தான். இங்கிலாந்து அதை மறக்கடித்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். "எம்மவன் கல்லு மாதிரி நிக்கிறான், நீ மூக்கை மூளியாக்கப் போறியா? அம்புட்டு அவசரமாடி உனக்கு?" அவருக்கும் கழற்றாமல் சமாளிக்க ஒரு யோசனை வந்தது. மைதா மாவைப் பசையாகக் காய்ச்சி மூக்குத்தியைச் சுற்றி அப்பினார். மதுரைச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசை. ஒரு மணி நேரத்தில் காய்ந்து பொருக்காக உதிர்ந்து மூக்குக்குள்ளேயே போனது. பஞ்சு வைத்தோம், பிளாஸ்திரி ஒட்டினோம், உருகின மெழுகையும் ஊற்றிப் பார்த்தோம். இவ்வளவு பாடும் அந்த ஏழு கல்லைக் காப்பாற்ற. உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறவளைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு இல்லை.

"அப்ப என் உசுரு?" என்று வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன்.

"பொம்பள உசுரு கெட்டி. அம்புட்டு லேசுல போகாது" என்றார்.

அதற்கும் பொறுத்தேன். ஒரு விடிகாலையில் மூச்சுத் திணறி, யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி அலறிக்கொண்டு எழுந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுபோச்சு. எம்புட்டு நேரம்தான் நிக்குதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

"எழுப்ப வேண்டியதுதானே?"

"அதான் திரும்ப வந்துருச்சுல்ல. பெறகென்ன?"

அன்றைக்கே, அவர் மில்லுக்குப் போனதும், கண்ணாடி முன்னால் நின்று தேங்காயெண்ணெய் தடவித் திருகைத் திருகினேன். பதினாறு வருஷத்து அழுக்கு, லேசில் வரவில்லை. ரத்தம் வந்த பிறகுதான் அது வந்தது. இரண்டையும் கழுவிக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். பயமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று ராத்திரி மாஸ்க் மூக்கில் உட்கார்ந்தது. காற்று உள்ளே இறங்கியது. அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தால் பால்காரர் மணியடிக்கிறார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தலை கனக்கவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. மாமியார் தினமும் காலையில் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மகன் தும்மினால் என் மூக்குதான் காரணம். சைக்கிள் பஞ்சரானால் அதற்கும். காலையில் என் முகத்தில் விழிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து எழுந்து, சுவரைப் பார்த்தபடியே நடந்து போனார். ஆனால் எனக்கு வேலையில் தூக்கம் வரவில்லை. மூன்றாவது மெமோவும் வரவில்லை.

தூக்கம் தெளிந்த பிறகுதான் எனக்குக் காது கேட்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய குறட்டையை உட்கார்ந்து கேட்டேன். ஏறி ஏறிப் போய்ப் பட்டென்று நின்றது. வீடே அமைதி. நெஞ்சு மட்டும் எக்கி எக்கித் தவித்தது. பிறகு ஒரு பெரிய இழுப்பு, மறுபடியும் குறட்டை. டாக்டர் எனக்குச் சொன்ன வியாதிதான் இவருக்கும், என்னைவிட அதிகமாக. டாக்டரிடம் கேட்டேன், உடனே கூட்டி வரச் சொன்னார்.

"நான் என்ன பொம்பளையா?" என்றார் வீட்டுக்காரர். "உன் சீக்கை எனக்கும் ஒட்ட வைக்கப் பாக்குறியா?" என் மிஷினை ஒரு மத்தியானம் மாட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "பொம்பள மூக்குல கெடந்ததை நான் போடவா? போடி." அதன் பிறகு, அவர் மூச்சு நிற்கிறபோதெல்லாம் கட்டில் காலை உதைப்பேன். அவர் திடுக்கிட்டு இழுத்துக்கொள்வார். மூன்று மாதம் அப்படி உதைத்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, உதைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாமியார் கையில் விசிறியோடு பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மூளி மூக்கோட என் தூக்கத்துல வந்து நிக்காத. செத்தாலும் என்னை எழுப்பாத" என்றார் வீட்டுக்காரர். மாமியார், "நல்லாச் சொல்லுய்யா" என்றார்.

"சரி" என்றேன்.

அவர் மறுபடியும் மல்லாந்தார். மாமியார் கோயிலுக்குக் கிளம்பிப் போனார். நான் கொல்லையில் துணி துவைத்தேன். ஜன்னல் வழியாகக் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டே போய் நின்றது. துவைத்தபடியே எண்ணினேன். ஐம்பது வரை எண்ணினேன் என்று ஞாபகம். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துத் துணியை அலசினேன். அதான் திரும்ப வந்துவிடுமே, பிறகென்ன? நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தபோது அவர் கை சில்லிட்டிருந்தது.

இருதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊர் வேறு எழுதியது. பதினாறாம் நாள் வளையலை உடைத்துப் பூவை எடுத்துத் தாலியை வாங்கின பெண்கள், வழக்கப்படி என் மூக்குக்குக் கையைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தியின் விரல் வெறும் துவாரத்தைத் தடவிவிட்டுப் பின்வாங்கியது.

"அங்க என்னத்தைத் தேடுறீக?" என்று மாமியார் கத்தினார். "அதை அவ அப்பவே கழட்டிட்டா. அன்னைக்கே எம்மவன் செத்துட்டான். கழட்டின அந்த மூக்குத்திதான் கொன்னுச்சு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூக்குத்தி யாரையும் கொல்லாது, நான் துணி அலசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அதுவரை எத்தனையோ தடவை வயிறெரிந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஊர் வாய்தான் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, என் தப்புதான்" என்றேன். அவர்கள் ஒன்றை நினைத்துக்கொண்டார்கள், நான் ஒன்றைச் சொன்னேன்.

அன்று ராத்திரி வீடு நிறையச் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய் உள் அறைக் கதவைச் சாத்தினேன். மாஸ்க்கை வைத்தேன், வாரை இறுக்கினேன், சுவிட்சைப் போட்டேன். வருகிற தூக்கம் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருக்கும். படுத்ததும் தூங்கிவிட்டேன், விடியும்வரை.